தாய்மாமன் நுழையும் பாட்டு

எங்கள் பக்கத்துக் காதுகுத்துகளுக்கென்று ஒரு பாட்டு இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு மண்டபத்து வாசலுக்கு வரும்போது மைக்செட்காரர் அதைப் போடுவார். போடச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லிவைக்க மாட்டார்கள். போடாவிட்டால்தான் சண்டைக்குப் போவார்கள். திருமங்கலத்தைத் தாண்டி டி. கல்லுப்பட்டி வரைக்கும், அதற்கு அப்பாலும், ரோட்டோர மண்டபம் எதிலிருந்தாவது அந்தப் பாட்டு கேட்டால், உள்ளே மாமன்காரர் நுழைகிறார் என்று பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும்.

அது ஏதோ ஒரு பழைய படத்துப் பாட்டு. அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. பார்த்தேன் என்று சொன்ன ஒருவரையும் இதுவரை சந்தித்ததில்லை. தியேட்டரில் ஒரு வாரம்கூட நிற்கவில்லை என்பார்கள். படம் போய்ச் சேர்ந்துவிட்டது, பாட்டு மட்டும் பிழைத்துக்கொண்டது. கட்டிக்கொடுத்த தங்கச்சி வாசலில் நின்று அண்ணன் வருகிற வழியைப் பார்ப்பாள். அண்ணன் வருவான். பாட்டில் அவ்வளவுதான் விஷயம். நடுவில் ஒரு நாதஸ்வரம் வரும். அந்த நாதஸ்வரம் தொடங்கும்போது மாமன்காரர் வாசற்படியில் காலை வைத்தால் அழகு. அதற்காகவே தெருவில் நடையைக் கூட்டியும் குறைத்தும் வருகிற பெரிய மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். வெளியில் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்றைக்கு அந்தப் பாட்டை யாரிடமாவது போட்டுக் காட்டுங்கள். "அட, அருவா பாட்டு" என்பார்கள்.

எல்லாம் ஒரு படத்தால் வந்தது. பெயர் வேண்டாம், சொன்னால் நீங்களும் அந்தக் காட்சியை நினைத்துச் சிரிப்பீர்கள். மதுரையை வைத்துப் படம் எடுக்கிறவர்களுக்கு எங்கள் ஊரில் மல்லிகையையும் அருவாளையும் தவிர வேறு எதுவும் விளைவதாகத் தெரியவில்லை. பல் விளக்கிவிட்டுத் துப்புவதற்கு முன் நாங்கள் யாரையாவது வெட்டுகிறோம். சரி, பழகிவிட்டது. ஆனால் இந்தப் படத்தில் வெட்டு நடப்பது ஒரு காதுகுத்து வீட்டில். பழைய பகையை வைத்துக்கொண்டு தாய்மாமன் சீரோடு வருகிறான். பின்னால் வரிசையாகத் தட்டுகள். எல்லாத் தட்டையும் சிவப்புப் பட்டுத் துணி போட்டு மூடியிருக்கிறார்கள். எங்கள் பாட்டு ஆரம்பிக்கிறது. ஆள் ஆற அமர நடந்து வருகிறான். நாதஸ்வரம் தொடங்கும் இடத்தில் சரியாக வாசற்படியில் காலை வைத்து, தட்டின் துணியைத் தூக்குகிறான். உள்ளே அருவாள். அதற்குப் பிறகும் பாட்டு பாட்டுக்கு ஓடுகிறது. மண்டபத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை.

நான் பசுமலையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கூட வேலை பார்ப்பவர்களோடு முதல் வாரமே போய்ப் பார்த்தேன். துணியைத் தூக்கியதும் தியேட்டர் மொத்தமும் எழுந்து நின்றது. பொய் சொல்ல விரும்பவில்லை, எனக்கும் உடம்பு சிலிர்த்தது. மட்டமாக எடுத்திருந்தால் தொல்லையே இல்லை, ஜனங்கள் மறந்து தொலைத்திருப்பார்கள். நன்றாக எடுத்துவிட்டான், அதுதான் வினை.

இடைவேளையில் பக்கத்துச் சீட்டு நண்பர் பாப்கார்னைக் கொறித்துக்கொண்டே தன் கதையைச் சொன்னார். அவர் கல்யாண வரவேற்பில் அவருடைய மனைவியே மேடையேறிப் பாடிய பழைய பாட்டு ஒன்றை, போன வருடம் வந்த ஒரு படத்தில் நாய் சாகிற காட்சிக்கு வைத்துவிட்டார்களாம். அன்றிலிருந்து அவர் வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டால் பிள்ளைகள் "ஐயோ, நாய் பாவம்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்களாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அடுத்து வந்த முகூர்த்தங்களில் எங்கு பார்த்தாலும் அந்தக் காட்சிதான். மாமன்காரர் நுழைந்ததும் இளவட்டங்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "துணியத் தூக்கு மாமா!" என்று கத்துவார்கள். மாமன்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அட்டையில் அருவாள் வெட்டி, ஜிகினா ஒட்டி, தட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்து தூக்கிக் காட்டுவார்கள். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். இதில் உனக்கு என்னய்யா வந்தது என்று கேட்கலாம். எனக்கு வரவில்லை, என் அக்காவுக்கு வந்தது.

நாங்கள் மூன்று பேர். அண்ணன் மூத்தவர், அடுத்து அக்கா, கடைக்குட்டி நான். அக்காவை டி. கல்லுப்பட்டி பக்கத்திலேயே, சொந்தத்தில் கொடுத்தோம். பல வருடங்கள் அவளுக்குப் பிள்ளை இல்லை. சொந்தபந்தத்தில் ஒரு காதுகுத்து விடாமல் போவாள். போய்ச் சமையல்கட்டில் உட்கார்ந்துவிடுவாள். வெங்காயம் உரிப்பாள், தேங்காய் திருகுவாள், பந்தியில் இலை போடுவாள். ஆனால் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து ஒரு தூணோரம் நிற்பாள். மாமன்காரரைப் பார்க்க மாட்டாள். வாசலில் ஆரத்தியோடு நிற்கிற அந்த வீட்டுப் பெண்ணின் முகத்தையே பார்ப்பாள். ஒரு தடவை பக்கத்தில் நின்ற என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கும் ஒரு நாளைக்கு இந்தப் பாட்டப் போடுவாகல்ல, தம்பி?"

நான் "போடாம பின்ன" என்றேன்.

கடைசியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்போது பார்த்து அண்ணனும் மச்சானும் பேச்சில் இல்லை. மச்சான் என்பது அக்காவின் வீட்டுக்காரர். அண்ணன் தோட்டமும் அவர் தோட்டமும் அடுத்தடுத்து. இரண்டுக்கும் பொதுவாக ஒரே கிணறு. யார் எந்த நேரத்தில் மோட்டார் போடுவது என்பதில் கோடைக்குக் கோடை முணுமுணுப்பு இருந்தது. ஒரு கோடையில் அது முற்றிவிட்டது. அண்ணன் அப்போது கிணற்றடியில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். மச்சான் வந்து ஒரு வார்த்தை சொன்னார், இவர் இரண்டு வார்த்தை சொன்னார். கோபத்தில் கையை ஓங்கினார். கையில் என்ன இருந்ததோ அதுவும் சேர்ந்து ஓங்கியது. இறக்கவில்லை. அடுத்த நொடியே அதைக் கிணற்றுக்குள் வீசிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாராம். நான் அங்கே இல்லை, மச்சானே பிற்பாடு என்னிடம் சொன்னது.

ஆனால் டீக்கடைக்கு அந்த இரண்டாம் பாதி போய்ச் சேரவில்லை. தங்கச்சி புருசனை வெட்டப் போனவர் என்ற முதல் பாதிதான் போனது. அண்ணன் அதற்குப் பிறகு டீக்கடைக்கே போவதில்லை. அவர் வீட்டில் அருவாள் என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. மதினி, அண்ணனின் மனைவி, விறகு வெட்டக் கேட்டாலும் "அத எடுங்க" என்றுதான் சொல்லும்.

அக்கா மகளுக்குக் காது குத்தும் வயது வந்தது. எங்களில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் ஆசாரி காதைத் தொடுவார். நானும் தாய்மாமன்தான், ஆனால் மூத்தவர் இருக்கும்போது இளையவனுக்கு அங்கே வேலை இல்லை, தட்டுத் தூக்குவதோடு சரி. பசுமலைக்கும் கல்லுப்பட்டிக்கும் நடையாய் நடந்தேன். அண்ணன் பக்கம் ஒரு பிடிவாதம், மச்சான் பக்கம் ஒரு ரோஷம். கடைசியில் மச்சானே இறங்கி வந்தார். வெற்றிலை, பாக்கு, பழத்தோடு அண்ணன் வீட்டுக்கு நேரில் போனார்.

"புள்ளைக்குக் காது குத்தணும் மச்சான். நீங்க வரணும்" என்றார்.

அண்ணன் அவரை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் தட்டை வாங்கிக்கொண்டார். "வாரேன் மாப்ள" என்றார். அவ்வளவுதான். அதற்குள் மதினி அழுதுவிட்டது.

அன்று சாயங்காலமே அக்கா எனக்குப் போன் செய்தாள். மண்டபம், சமையல்காரர், பந்தல் எதுவும் அவளுக்கு முக்கியமில்லை. "மைக்செட்காரர்ட்ட நீயே ஒரு தடவ சொல்லிருடா. நாதஸ்வரம் வரும்போது அண்ணன் படியில கால் வைக்கணும்" என்றாள்.

மறுநாளே கிளம்பிப் போனேன். படத்தைப் பற்றிச் சொன்னேன். அக்காவுக்குப் படம் பார்க்கிற வழக்கம் இல்லை. தொலைக்காட்சியில் ஓடினாலும் முதுகைக் காட்டிக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்வாள். வேறு பாட்டு வைக்கலாம், எத்தனையோ அண்ணன் தங்கச்சிப் பாட்டு இருக்கிறது என்றேன். அவள் ஆய்ந்துகொண்டிருந்த கீரையைக் கீழே வைத்தாள்.

"ஏன்டா, அவன் நேத்து வந்து எடுத்து வச்சுக்கிட்டா அது அவன் பாட்டாயிருமா? எம்புட்டு வருசமா நா இந்தப் பாட்டுக்குக் காத்துக் கெடக்கேன், ஒனக்குத் தெரியாதா?"

"அது இல்லக்கா, பயலுக கத்துவாய்ங்க. அண்ணன் காதுல அந்தப் பேச்சு விழுந்துச்சுன்னா..."

"கத்தட்டும். விசேச வீட்டுல கத்தாம எழவு வீட்டுலயா கத்துவாக?"

நியாயம் முழுக்க அவள் பக்கம் இருந்தது. என் பக்கம் இருந்தது பயம் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு யாரை ஜெயிக்க முடியும்?

மைக்செட்காரரைப் பிடித்தேன். அவரிடம் அந்தப் பாட்டு இரண்டு விதமாக இருந்தது. ஒன்று பழசு, ஒன்று புதுப்படத்து வசனமும் அருவாள் சத்தமும் சேர்த்தது. பழசைத்தான் போட வேண்டும் என்று கெஞ்சினேன்.

"போட்டுருவோம்ணே. ஆனா ரெண்டும் ஒரே பாட்டுதானண்ணே. எதப் போட்டாலும் கண்ணு அந்தக் காட்சியத்தான் பாக்கும்" என்றார். அவர் மேல் கோபம் வந்தது. சரியாகச் சொல்லிவிட்டார் என்பதால் வந்த கோபம்.

மிச்சமிருந்தது அண்ணன். அவரை எச்சரித்துவிட்டால் போதும், அவரே சிரித்துக்கொண்டு வந்துவிடுவார் என்று போனேன். தோட்டத்தில் கொத்தமல்லிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். பட்டன் போன் வைத்திருக்கிற மனிதர். படமெல்லாம் தெரியாது. என்ன சொல்வது? அண்ணே, அந்தப் பாட்டுக்கு உங்களைப் போல ஒரு மாமன், உங்களைப் போலவே மீசை, வெள்ளை வேட்டி, தங்கச்சி வீட்டுக்கு வந்து வெட்டுகிறான் என்றா?

"அண்ணே, அக்கா கேட்ட பாட்டு இப்ப ஒரு படத்துல வருதுண்ணே" என்றேன்.

"அப்புடியா? நல்லதுதான? எல்லாரும் தெரிஞ்சு கேப்பாக" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். மீதியைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

விழா அன்று பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்குச் சீர் புறப்பட்டது. மாலை போட்ட கிடா முன்னால், பிறகு உறுமி மேளம், பிறகு தட்டுகள். அண்ணன் கையில் நகைத்தட்டு. பிள்ளைக்குக் கம்மல், கொலுசு, பட்டுப்பாவாடை. மதினி அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடியிருந்தது. சிவப்புத் துணி. பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது.

"மதினி, அந்தத் துணிய எடுத்துருங்க."

"நல்லாருக்கே! நகைத் தட்டத் தொறந்து போட்டா கொண்டு போவாக? கண்ணு பட்டுப் போகும்."

"வேற கலராச்சும் போடுங்க."

"மங்கல காரியத்துக்குச் செவப்புதான் போடணும். நீங்க பேசாம வாங்க தம்பி, எப்பப் பாத்தாலும் தொணதொணன்னு."

என் கையில் தேங்காய், வாழைப்பழச் சீப்புகளோடு பெரிய தாம்பாளம். கீழே வைக்கவும் கூடாது, ஒரு கையால் பிடிக்கவும் முடியாது. அப்படியே அண்ணன் பக்கத்தில் நடந்தேன்.

மண்டபத்து வாசலை நெருங்கியதும் பாட்டு தொடங்கியது. மைக்செட்காரர் வாக்குத் தவறவில்லை, பழைய பாட்டுதான். அக்கா ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். எத்தனையோ வீடுகளில் அவள் தூணோரம் நின்று பார்த்த முகம் இப்போது அவளுடைய முகமாக இருந்தது. அண்ணன் தங்கச்சியைப் பார்த்துக்கொண்டே, பாட்டுக்கு ஏற்றாற்போல நடையைக் குறைத்தார். எனக்குத் தெரியும், வேண்டுமென்றேதான் குறைத்தார். அவள் ஆசைப்பட்டது போல நாதஸ்வரத்துக்குக் கால் வைக்க வேண்டும் அல்லவா. பெரிய மீசை, வெள்ளை வேட்டி, சிவப்புத் துணி மூடிய தட்டு, ஆற அமர ஒரு நடை. படத்தில் வந்த காட்சியேதான். ஒரு குறையும் இல்லை.

நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. இளவட்டம் மொத்தமும் எழுந்துவிட்டது. போன்கள் உயர்ந்தன. விசில் பறந்தது. அண்ணன் அந்த விசில் தனக்குத்தான் என்று நினைத்தார். இத்தனை வருடம் தலையைக் குனிந்துகொண்டு நடந்த மனிதர், நிமிர்ந்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் என்ன செய்வேன்?

"துணியத் தூக்கு மாமா!" ஒருவன் கத்தினான். உடனே மண்டபமே கத்தியது. "துணியத் தூக்கு! துணியத் தூக்கு!"

அண்ணன் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "என்னடா சொல்றாய்ங்க?"

"ஒன்னுமில்லண்ணே, படம்ணே! ஒரு படத்துல..." உறுமிக்கும் பாட்டுக்கும் நடுவில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மச்சானின் தம்பி முறையில் ஒருத்தன், வேடிக்கையாகக் கழுத்தில் இரண்டு கையையும் வைத்துப் பொத்திக்கொண்டு, "அருவாளோட வந்துட்டாரு, மாமா வந்துட்டாரு! வெட்டிராதீக மாமா!" என்று அலறியபடி ஓடி மச்சானின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். அவனுக்குக் கிணற்றடிக் கதை தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த நேரத்தில் அவன் நினைத்தது படத்தைத்தான். எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். அவரும் படம் பார்த்தவர். கபடில்லாமல், வயிறு குலுங்கச் சிரித்தார்.

அண்ணன் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். வாசற்படிக்கு ஓர் அடி இருந்தது. கோபப்பட்டிருந்தால் காலைக் கட்டிக்கொண்டாவது நிறுத்தியிருப்போம். அவர் கோபப்படவில்லை. வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்திருந்த மேஜை மேல் நகைத்தட்டை மெதுவாக வைத்தார். துணி விலகியிருந்த ஒரு முனையை இழுத்துச் சரிசெய்தார். திரும்பி, தட்டுகளோடு நின்ற எங்கள் சொந்தக்காரர்களுக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டு போனார். நான் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரோட்டுக்குப் போய் ஏதோ ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

அப்போது நாதஸ்வரம் வந்தது. கூட்டம் குஷியாக இருக்கிறது என்று மைக்செட்காரர் சத்தத்தை வேறு கூட்டிவிட்டார்.

அக்கா ஆரத்தித் தட்டைக் கீழே வைக்கவில்லை. நடந்தது என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. பாட்டு முடிகிறவரைக்கும் தெருவைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஒவ்வொருவராக விஷயம் பிடிபட்டு மண்டபம் அமைதியானது. மச்சான் அடித்துப் பிடித்து பைக்கில் போனார், நல்ல நேரம் முடிகிற வேளையில் தனியாகத் திரும்பி வந்தார். அண்ணன் வீட்டில் இல்லை, தோட்டத்திலும் இல்லை, போன் அணைந்திருந்தது. ஆசாரி கம்பியைத் துடைத்து வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார். வந்த பெரியவர்கள் நேரம் போகுது, நேரம் போகுது என்றார்கள். அக்கா என்னிடம் வந்து, "நீ ஒக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். பிள்ளை என் மடியில் வீறிட்டு அழுதது.

அடுத்த வாரம் நானும் மச்சானும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். "ஒன்னும் இல்ல மாப்ள. வெயிலு தாங்கல, தலையச் சுத்திருச்சு, அதான் வந்துட்டேன். பந்தி எல்லாம் நல்லாப் போச்சா?" என்று கேட்டார். காபி வரவழைத்தார். இப்படி மரியாதையாகப் பேசுகிறவரிடம் எங்கிருந்து பேச்சை ஆரம்பிப்பது? மச்சான் காலில் விழாத குறையாகச் சொன்னார்: "மச்சான், அது படம். எல்லா வீட்டுலயும் அப்புடித்தான் கத்துறாய்ங்க. ஒங்களச் சொல்லல மச்சான்." அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. கண்ணால் பார்த்தால் நம்புவார் என்று என் போனில் அந்தக் காட்சியை எடுத்துக் காட்டினேன். மடியில் வைத்து முழுவதும் பார்த்தார். மாமன் நடந்து வந்ததை, துணியைத் தூக்கியதை, உள்ளே வெட்டியதை, பாட்டு ஓடிக்கொண்டே இருந்ததை. போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நா அத எடுத்த அன்னைக்குப் பாட்டு இல்லடா" என்றார்.

கிணற்றடி விஷயத்தைப் பற்றி அவர் வாய்விட்டுப் பேசியது அது ஒன்றுதான். மச்சான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். அதற்குப் பிறகு அண்ணன் எங்கேயாவது மச்சானைப் பார்த்தால் நலம் விசாரிக்கிறார். மோட்டார் முறையில்கூட விட்டுக்கொடுக்கிறார். அக்கா வீட்டு வாசலுக்கு மட்டும் வருவதில்லை. கேட்டால் உடம்புக்கு முடியவில்லை என்கிறார். பகையாக இருந்தபோது சமாதானம் பேசப் போனேன். இப்போது பகையும் இல்லை, எதைப் பேச?

வீடியோக்காரர் நல்லது செய்வதாக நினைத்து அண்ணன் வந்த பகுதியையே வெட்டிவிட்டார். எங்கள் வீட்டுக் காதுகுத்து வீடியோவில் கிடா வருகிறது, மேளம் வருகிறது, உடனே நான் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறேன். வெட்டிய பகுதியைக் கேட்டுப் பார்த்தேன். அழித்துவிட்டேன் சார் என்றார்.

போன மாதம் அக்கா பிள்ளையோடு பசுமலைக்கு வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்த மதியம். பிள்ளை தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தது. அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணனுக்குக் காட்டுன அந்தப் படத்த எனக்கும் காட்டுடா" என்றாள். வேண்டாம் என்றேன். "காட்டு" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். பாட்டு தொடங்கியது. அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்த மாமன்காரன் தெருவில் ஆற அமர நடந்து வந்தான். அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து நான் பயந்துபோனேன். நாதஸ்வரம் தொடங்கியது, அவன் படியில் காலை வைத்தான். துணிப் பக்கம் அவன் கை போவதற்கு முன் அக்கா விரலால் தொட்டுப் படத்தை நிறுத்திவிட்டாள்.

"எப்புடி நிறுத்தணும்னு யார் சொல்லிக் குடுத்தா?" என்றேன்.

"நா இதத்தான் தெனமும் அவரு போன்ல பாக்குறேன். ஒன் போன்ல பெருசாத் தெரியுதேன்னு கேட்டேன்" என்றாள். மறுபடியும் ஆரம்பத்திலிருந்து வைக்கச் சொன்னாள்.

"அக்கா, அது அண்ணன் இல்லக்கா. அவன் வெட்ட வாரவன்."

"தெரியும்டா. நம்ம வீடியோவுல அண்ணனே இல்லையே, நா வேற எதப் பாக்க?"

வைத்துக் கொடுத்தேன். அவன் திரும்பவும் தெருமுனையிலிருந்து தட்டோடு நடந்து வர ஆரம்பித்தான்.